ஊருக்குக் கதவு செய்தவர் வீட்டுக்கு என்ன செய்தார்?

கேள்வி, 3 ஜூன்

கைத்தொழிலில் பேர் வாங்கின ஆட்கள் வீட்டில் ஒட்டமாட்டார்கள் என்பது நான் பார்த்தது. என் தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் அரிவாளும் மண்வெட்டியும் அவர் கையால்தான். வீட்டுக்குள் வந்தால் பேச்சு கிடையாது. பாட்டி அவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிலிலும் ஆள், குடும்பத்திலும் ஆள் என்று இருந்த யாரையாவது நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பொதுவாகச் சொல்லாமல் விவரமாகச் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா. தச்சாசாரி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற வழியில் எங்கள் ஊர். போன மாசியில் தவறிட்டார்.

விவரம் கேட்டீர்கள், ஒரு நாற்காலியைச் சொல்கிறேன். ஆச்சி, என் பாட்டி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சமயம். தாழ்வாக உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஆச்சிக்குத் தாழ்வு, இல்லாவிட்டால் கால் தரையில் எட்டாத உயரம். அப்பா ஆச்சியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முட்டு மடக்கு வரைக்கும் கோல் வைத்துப் பார்த்தார். 15 இஞ்சு. இருக்கையை 17-ல் போட்டார். கைப்பிடியை, ஆச்சி எழும்பப் பார்க்கும்போது உள்ளங்கை தானாகப் போய் ஊன்றுகிற இடத்தில் அடையாளம் பண்ணி வைத்தார். முன்கால்களுக்கு நடுவில் குறுக்குச்சட்டம் கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"எழும்பணும்னா பாதம் பின்னால போகணும்லா மக்களே. சட்டம் போட்டா பாதம் அதுல இடிக்கும். ஆச்சி பயந்து திரும்ப உக்காந்துருவா."

குறுக்குச்சட்டம் இல்லாத நாற்காலி ஆடும். அதனால் பக்கச்சட்டங்களை அகலமாக எடுத்து, கழுந்தை, அதாவது துளைக்குள் இறங்குகிற முனையை, நீளமாக விட்டு, துளையில் இறுக்கி மூங்கில் ஆணி அடித்தார். ஆச்சி போன பிறகும் அது ஆடவில்லை. இப்போது அம்மா அதில்தான் உட்காருகிறாள்.

4 ஜூன்

மேலே ஒருவர், "நல்ல தச்சர் யாராக இருந்தாலும் செய்திருப்பார், இதில் பாசம் எங்கே" என்று கேட்டிருக்கிறார். செய்யமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்ட ஆளுக்குச் செய்வார்கள். ஆச்சி கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே காலம் தள்ளியிருப்பாள்.

அப்பாவின் சாமான் பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். வாடிக்கைக்காரர் கணக்கெல்லாம் நோட்டில் இருக்கும். மூடியில் வீட்டு ஆட்கள் மட்டும். ஆச்சி, அம்மா, அத்தை, அண்ணன், நான், பிறகு மைனி (அண்ணன் மனைவி), பிள்ளைகள். ஒவ்வொரு பேருக்கும் நேரே முட்டு உயரம், முழங்கை உயரம், கை எட்டுகிற உயரம். பிள்ளைகளுக்குப் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் நாற்காலிக் காலுக்குக் கீழே அடிக்கட்டை வைத்து உயர்த்தினார். நான் கேட்டதில்லை. தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

பேச்சு கம்மிதான் அவருக்கும். உங்கள் தாத்தா மாதிரிதான்.

4 ஜூன், பிற்பகல்

என்ன மரம் என்று கேட்டவருக்கு: அந்த நாற்காலி அயனி. கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள், அங்கே வள்ளம் செய்கிற அதே மரம். பலாவுக்கு உறவுக்காரன். எங்கள் பக்கம் தேக்கு பணக்காரர் வீட்டு நிலைக்கும் கதவுக்கும். மற்றவர்களுக்கு அயனி, பலா, வேம்பு, பூவரசு. பலா அறுத்த அன்றைக்கு மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு வருஷக்கணக்கில் சிவந்து கறுக்கும். புதுச் சாமான் வாங்க வருகிறவர்கள் மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்தால் அப்பா உடனே வண்ணம் அடித்துக் கொடுக்கமாட்டார். "ரெண்டு ஓணம் கழியட்டு, பொறவு வந்து சொல்லுங்கோ" என்பார்.

ரப்பர் மரத்தில் வேலை செய்ய அவருக்கு இஷ்டமில்லை. குலசேகரம் பக்கம் வயசான ரப்பரை வெட்டித் தள்ளும்போது மலிவாகக் கிடைக்கும். வெட்டின உடனே போரான் மருந்தில் ஊறவைக்காவிட்டால் பூச்சி துளைத்துப் பொடியாகக் கொட்டும், நீலம் பாயும். மருந்து ஏற்றின மரம் என்று ரசீது காட்டினால்தான் தொடுவார்.

7 ஜூன்

கணக்கு பற்றி எழுதாமல் அப்பாவைப் பற்றி எழுத முடியாது.

மரம் வாங்க என்னைத்தான் கூட்டிப்போவார். அண்ணனுக்கு மரடிப்போ வெயில் ஆகாது. உருட்டுமரத்தை நூல் போட்டுச் சுற்றளவு எடுக்க வேண்டும். அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் ஒன்றை ஒன்றால் பெருக்கிப் பத்தால் பெருக்கு, 10 கன அடி. நான் பத்தாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு படித்துவிட்டு, இது தப்பு, உண்மையில் 12.7 கன அடிக்கு மேலே வரும் என்று டிப்போக்காரர் முன்னால் சொன்னேன். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்ல முடியும். டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். பிறகு விளக்கினார்: உருட்டைச் சதுரமாக்கும்போது நாலு பக்கமும் முதுகுப்பலகை போகும், வெள்ளை (பட்டையை ஒட்டின வெளிறின மரம்) போகும். அந்தச் சேதாரத்துக்காகத்தான் கணக்கே குறைத்துச் சொல்கிறது. "புஸ்தகம் மரத்தை அளக்குது, நாம பலகையை அளக்கோம்."

கோலும் இஞ்சும் மீட்டரும் மூன்றும் அவர் தலையில் ஓடும். எங்கள் பக்கத்துக் கோல் 24 விரல், இன்றைக்கு 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில்தான் 1956 நவம்பரில் எங்கள் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கொஞ்ச நாளில் மெட்ரிக் வந்தது. மரக்கடைகள் மட்டும் இன்றுவரை அடியையும் இஞ்சையும் விடவில்லை. நிலை வைக்கிற வீடுகளில் யோனிக் கணக்கு, அதாவது அளவு மங்களமா என்று பார்க்கிற கணக்கு, கேட்பார்கள். சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மிச்சம் ஒற்றைப்படையாக வரவேண்டும். நான் தாளைத் தேடுவதற்குள் அவர் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டு நிலைக்கு அவர் அந்தக் கணக்குப் பார்த்தாரா என்று தெரியவில்லை. உயரமான ஆளும் குனியாமல் நுழைகிற அளவுக்கு வைத்தார்.

8 ஜூன்

"அப்பாவோடு எங்காவது போனதுண்டா, வேலை தவிர?" என்று கேட்டவருக்கு. பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலை பக்கத்தில் இருப்பதால் பள்ளிக்கூட லீவுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அங்கேதான். இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், போகிறவர்கள் பார்த்துப் போங்கள்.

வழிகாட்டி எல்லோரையும் மருந்துமரக் கட்டில் பக்கம் கூட்டிப்போவார். அப்பா எங்களைப் பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) கீழேயே நிறுத்திவிடுவார். மேலே உத்தரத்தில் செதுக்கியிருக்கும் பூக்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. தொண்ணூறு என்று சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றி, ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடித்தால் ஐஸ்மிட்டாய் என்பார். யாருக்கும் கிடைத்ததில்லை, கடைசியில் எல்லோருக்கும் வாங்கித் தருவார். அங்கே தொங்குகிற குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கின தூண் இருக்கிறது. அதன் முன்னால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். சாமி கிடையாது அங்கே.

அத்தனை ராஜாக்களின் பேரும் பலகையில் இருக்கிறது, செதுக்கினவன் பேர் ஒன்றுகூட இல்லை என்று நான் ஒருதடவை கோபப்பட்டேன். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "அவன் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. பேர் எழுதியிருக்க வேண்டும்.

11 ஜூன்

ஆச்சிக்காக மச்சுப்படி மாற்றினதை விட்டுவிட்டேன். பழைய மச்சுக்கு ஏணி மாதிரிச் செங்குத்தான படி. நெல்லும் தேங்காயும் மேலே. அப்பா அதைப் பிரித்துச் சாய்வாகப் போட்டார். அவர் கணக்கு: ரெண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து ரெண்டடியும் கொஞ்சமும். ஏற்றம் 7 இஞ்சு என்றால் மிதி 10 அல்லது 11. இதே விதியைப் பிரான்சில் பிளாண்டல் என்கிற கட்டடக்கலைஞர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று பிற்காலத்தில் படித்துச் சொன்னேன். "அவருக்கும் வீட்டுல ஒரு ஆச்சி இருந்திருப்பா" என்றார்.

12 ஜூன்

இதெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலிக்குத் தலையாட்டினாள். அரண்மனைக்குச் சிரித்தாள். மூடியில் எழுதின அளவுகள் வந்தபோது கையை நீட்டி நிறுத்தினாள்.

"என் முழங்கை அளவும் அதுல இருக்கில்லா? அடுக்களை மேடை என்ன உயரம்னு போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். மேடை 34 இஞ்சு. அம்மா நாலே முக்கால் அடி. மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் பானை. அந்த வீடு கட்டின நாள்முதல் அம்மா தோளைத் தூக்கிக்கொண்டேதான் கிண்டியிருக்கிறாள். எனக்குத் தோளைப் பார்த்து நாற்காலியை உயர்த்தின அதே மனிதர் வீட்டில்.

கேள்வி போட்டவரே, உங்கள் பாட்டி பக்கம் கேட்கவேண்டிய கதை இருக்கிறது என்று நினைக்கிறேன். என் அம்மாவிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

15 ஜூன்

அண்ணன் இந்த இழையைப் படித்துவிட்டு அலமாரியைக் குடைந்து ஒரு கடிதம் எடுத்து அனுப்பினான். மஸ்கட்டிலிருந்து அப்பா எழுதினது. 1979-ல் போனார். அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போனார்கள். தச்சர் என்று கூட்டிப்போய் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கிற வேலையில் விட்டார்கள். தளம் காய்ந்ததும் பிரித்து எறிகிற பலகை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெயிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தப் பணத்தில்தான் வீடு ஆனது, அவர் இல்லாமல். கடிதத்தின் பின்பக்கம் முழுக்கப் படம். நிலை, ஜன்னல், மச்சுப்படி, அடுக்களை. அடுக்களை மேடைக்கு நேரே 31 இஞ்சு என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். முழங்கையிலிருந்து நாலைந்து இஞ்சு கீழே மேடை இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. அம்மாவுக்கு அது சரியாக 31.

கொத்தனார் எல்லா வீட்டுக்கும் போடுகிற உயரத்தையே இங்கேயும் போட்டுவிட்டார்.

15 ஜூன், இரவு

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவளுக்கு அது தெரியும். அவள்தான் அதைக் கொத்தனாரிடம் வாசித்துக் காட்டியவள்.

"எழுதினாரு, இல்லைங்கல. நானும் சொன்னேன். பொம்பளை சொல்லி எவன் கேக்கான்? சரி. அவரு வந்த பொறவு உடைச்சிருக்கலாம்லா?"

வந்த பிறகு அவர் செய்தது ஒரு மிதிபலகை, 3 இஞ்சு உயரத்தில் அம்மா ஏறி நிற்பதற்கு. நன்றாக இழைத்து, ஓரம் உருட்டி. அம்மா அதில் கால் தடுக்கி ஒருமுறை கஞ்சிப்பானையோடு சாய்ந்தாள். அப்புறம் அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. கான்கிரீட் உடைக்கிற காசு அத்தையின் கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது என்பது அப்பா பக்கத்து நியாயம். அத்தை கல்யாணம் முடிந்த பிறகும் உடைக்கவில்லை என்பது அம்மா பக்கத்து நியாயம். இரண்டும் சரி. நான் இதில் தீர்ப்பு சொல்லப்போவதில்லை.

16 ஜூன்

ஒன்று சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் நேற்றுச் சொன்னதோடு அப்பாவை நிறுத்தின மாதிரி ஆகும். மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு அவர் வீட்டைவிட்டு ராத்தங்கினது கிடையாது. கடைசி பஸ்ஸுக்குத் திரும்ப முடிகிற தூரத்தில்தான் வேலை எடுப்பார். திருவனந்தபுரத்தில் பெரிய வீட்டுவேலை, ஆறு மாதம் அங்கேயே தங்கணும், கூலி இங்கே கிடைப்பதுபோல் இரண்டு மடங்கு என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு அம்மாதான் சண்டை போட்டாள், போயிருக்கலாம் என்று. இன்றைக்குக் கேட்டாலும் போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறாள். அதனால் பணம் குறைந்தது, கடன் நின்றது, அண்ணன் காலேஜ் ஒரு வருஷம் தள்ளிப்போனது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் அவர் வருகிற சத்தம் கேட்கும். சட்டையில் மரத்தூள். வாசலிலேயே உதறிவிட்டுத்தான் வருவார். சீவல் மூட்டை ஒன்று கையில் இருக்கும், வெந்நீர் அடுப்புக்கு. வேப்பஞ்சீவல் வந்தால் ஆச்சி தனியாக எடுத்து வைத்துக் கொசுவுக்குப் புகை போடுவாள்.

20 ஜூன்

மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஃபெவிகால் 1959-ல் வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்து சேர இன்னும் நாள் ஆனது. அதற்கு முன்னால் தோலிலும் எலும்பிலும் எடுத்த வஜ்ஜிரப்பசைதான். நேரே தீயில் வைத்தால் கெட்டுவிடும். வெந்நீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து உருக்கவேண்டும். நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும். உப்புத்தாள் வாங்க முடியாத நாளில் பிராய் மர இலையை வைத்துத் தேய்ப்பார்கள், அந்த இலை அத்தனை சொரசொரப்பு. கூரைக் கழிக்கோலுக்குக் கறையான் ஏறாமல் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவார்கள். அது தோலில் பட்டால் வெந்துபோகும். பூசுகிற நாளில் அப்பா எங்களைப் பட்டறைப் பக்கமே விடமாட்டார்.

23 ஜூன்

"நீங்கள் தொழில் கற்றுக்கொண்டீர்களா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

உளி தீட்டக் கற்றுக்கொண்டேன். மஸ்கட்டிலிருந்து மற்றவர்கள் தங்கமும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தார்கள். அப்பா கொண்டுவந்தது ஷெஃபீல்டில் செய்த மார்பிள்ஸ் உளிகள் ஒரு செட். கால் இஞ்சிலிருந்து ஒன்றரை இஞ்சு வரை. ஆச்சி அழுதே விட்டாள் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தீட்டுவது என் வேலை. எண்ணெய்க்கல்லில் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு, சரிவை ஒரே கோணத்தில் பிடித்து எட்டுப்போல இழுக்கவேண்டும். 25 டிகிரி இருந்தால் போதும். அவர் டிகிரி என்று சொல்லமாட்டார், என் மணிக்கட்டைப் பிடித்து வைப்பார். பின்பக்கம் கண்ணாடிபோலத் தட்டையாக வரணும். எல்லோரும் சரிவையே தேய்ப்பார்கள், பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். பலகையின் முனையில், நார் வெட்டுப்பட்ட இடத்தில், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) தொடாமல் கையால் தள்ளிச் சீவினால் பளபளவென்று வரவேண்டும். பொடியாக உதிர்ந்தால் திரும்பக் கல்லுக்கு.

என் கையில் உளி அத்தனை கூர்மையாக இருந்தது. அதை வைத்து ஒரு துளை வெட்ட விடவில்லை. கேட்டேன். "கை போயிரும் மக்களே, உனக்கு என்னத்துக்கு" என்றார். அண்ணனை விட்டார், அவன் விரல் கிழித்துக்கொண்டு ஓடிப்போனான். பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்து கற்றார்கள், எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நான் தீட்டிக் கொடுத்தேன்.

அப்பாமேல் எனக்கு இருக்கிற வருத்தம் இது ஒன்றுதான். அவர் இருக்கும்போதே சொல்லியும் இருக்கிறேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுவாரம் என் மகளுக்கு ஒரு சின்னக் கொட்டாப்புளியும் அரை இஞ்சு உளியும் எடுத்துக் கொடுத்து, வேஸ்ட் பூவரசுக் கட்டையில் துளை வெட்டக் காட்டினார். அவளுக்கு அப்போது பதினொரு வயசு. நான் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து வந்தது.

24 ஜூன்

நேற்று எழுதினதைத் திரும்பப் படித்தேன். கணக்கு முழுக்க எனக்குத்தானே தந்தார், டிப்போவில் என்னைத்தானே பேசவிட்டார் என்று தோன்றுகிறது. ஒரு கட்டத்தில் மரம் தேர்ந்தெடுப்பதே நான்தான். முனை வெட்டில் வளையம் நெருக்கமா, நடுவில் வெடிப்பா, வெள்ளை எத்தனை இஞ்சு, பலகை எந்தப் பக்கம் வளையும் என்று பார்த்துச் சொல்வேன். வளையம் வளைந்திருப்பதற்கு எதிர்ப்பக்கமாகப் பலகை கிண்ணம் கட்டும். அதுவும் தொழில்தான். வருத்தம் குறையவில்லை, இது கூடவே நிற்கட்டும்.

2 ஜூலை

கருவிகள் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பழைய இரும்புக்கு ஒருவர் விலை கேட்டு வந்தார். கொடுக்கவில்லை. இழைப்புளிகளும் அறுப்புவாள்களும் அப்பாவிடம் கற்ற இரண்டு பேருக்கும் பாதிப்பாதி. அவர்களில் ஒருவர் இப்போது பிளைவுட்டும் மைக்காவும் ஒட்டுகிற வேலைதான் செய்கிறார், இழைப்புளி எடுக்கவே நேரமில்லை. ஆனாலும் வாங்கும்போது கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரம் செதுக்குகிற வாய்ச்சி அத்தை வீட்டுக்கு. மார்பிள்ஸ் உளிகள் என் மகளுக்கு. தீட்டுவது நான். பெட்டியை அண்ணன் கேட்டான், மூடிக்காக.

அந்த மூடியில் கடைசியாக இருப்பது அண்ணனின் பேத்தி. பேர் வைக்காத குழந்தை என்பதால் 'சின்னது' என்று எழுதி, நேரே 20 இஞ்சு என்று நீளம் மட்டும் போட்டிருக்கிறார். தொட்டிலுக்கு.

9 ஜூலை

கேள்வி போட்டவர் தன் பெரியம்மாவிடம் பேசியதாக எழுதியிருக்கிறார். தாத்தா பேசாமல் இருந்ததற்குக் காது ஒரு காரணம் என்று தெரிந்ததாம். பட்டறைச் சத்தத்தில் காது மந்தமாகிவிடும், கொல்லருக்கு இது நடப்பதுதான். தச்சர்களில் ரம்பமிஷினில் நிற்கிறவர்களுக்கும் இப்போது அதேதான் நடக்கிறது. காதடைப்பான் சின்ன விலைதான். வேலை செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

21 ஜூலை

சாரல் பிடித்ததும் கதவு இறுகுகிறது என்று கேட்டவருக்கு. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. அதனால் இந்தப் புகார் அப்பாவுக்கு வருஷத்தில் இரண்டு முறை வரும். மழையில் சீவ வரமாட்டார். ஊறின கதவைச் சீவினால் பங்குனி வெயிலில் விரல் நுழைகிற இடைவெளி விழும். இப்போதைக்கு உரசுகிற விளிம்பில் மெழுகு தேயுங்கள். மழை நின்று மரம் இறங்கின பிறகும் உரசினால், அப்போது சீவலாம். சீவின இடத்தை வெறுமையாக விடாதீர்கள். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் உட்பட வார்னிஷ் ஏற்றுங்கள். ஈரம் அந்த வெட்டுமுனை வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தால் அதுதான் வினை. அது காடியில் சும்மா உட்கார்ந்திருக்கணும், விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும்.

4 ஆகஸ்ட்

அடுக்களை மேடையை உடைத்துத் தாழ்த்திவிடலாம் என்று அண்ணனும் நானும் அம்மாவிடம் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டாள். "இப்ப நான் எவ்வளவு நேரம் நிக்கேன்? உன் வீட்டுல போடு, உன் மருமகன் சமைக்கான்லா, அவனையும் அளந்துக்கோ."

மருமகன் என்று அவள் சொன்னது என் மகளுக்கு நிச்சயித்திருக்கிற பையனை. அவன் ஆறடி. என் மகள் ஐந்தடி. இரண்டு பேரும் சமைப்பார்கள் என்றால் ஒரே மேடை சரிவராது. அடுப்பு வைக்கிற பகுதியை அவளுக்குத் தாழ்வாகவும், காய் நறுக்குகிற பகுதியை அவனுக்கு உயரமாகவும் படி வைத்துக் கட்டலாமா என்று பார்க்கிறோம். இப்படிக் கட்டியிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். இரண்டு மட்டமும் சேருகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

புதுவீடு கட்டுகிற மற்றவர்களுக்கு: செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கித் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். நறுக்குகிற மேடைக்கு நாலு இஞ்சு கழியுங்கள். அடுப்புப் பக்கத்துக்கு அடுப்பின் உயரத்தையும் சேர்த்து இன்னும் கழிக்கவேண்டும். தரையில் டைல்ஸ் வரப்போகிறது என்றால் அந்தக் கனத்தை மறக்காதீர்கள். பிறகு கொத்தனார் வருகிற அன்று நேரில் போய் அந்த உயரத்தில் சுவரில் கரிக்கோடு கிழித்துவிட்டு வாருங்கள்.